தேய்க்காத ஊசி

சைகோனில் வேலையில் இருந்த என் அக்காவின் கணவர் அங்கிருந்து அனுப்பிய தட்டு உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது. அலுமினியத் தகட்டின் மேல் கறுப்பாக ஒரு பூச்சு. நகம் பட்டால் கோடு விழும். கடையில் விற்கும் இசைத்தட்டு போல அச்சில் வார்த்தது அல்ல. அங்கே கடைத்தெருவில் ஒரு கூண்டுக்குள் நின்று பேசினால், பேசப் பேச ஊசி கீறிக்கொண்டே போகுமாம்; முடிந்ததும் தட்டைக் கையில் கொடுத்துவிடுவார்களாம். அதற்குப் பிரதி கிடையாது.

1956இல் விடுப்பில் ஊர் திரும்பிய ஒருவர் அதைக் கப்பலில் கொண்டுவந்தார். உறையின் பின்பக்கம் பிரெஞ்சில் சில வரிகள் இருந்தன. எஃகு ஊசி கூடாது, மர ஊசி மட்டுமே; எடை குறைந்த கருவியில் மட்டுமே போட வேண்டும்; ஈரம் படக் கூடாது. நான் அப்போது சென்னைப் பத்திரிகை ஒன்றின் புதுச்சேரிச் செய்தியாளன். பிரெஞ்சு அறிக்கைகளைத் தமிழாக்கி அனுப்புவது என் வேலையில் பாதி. அந்த வரிகளையும் அக்காவின் புகுந்த வீட்டில் எல்லார் முன்னும் வாசித்துத் தமிழில் சொன்னேன்.

வீடு புதுச்சேரி முத்தியால்பேட்டையில். அக்கா கணவரின் அண்ணன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து, பிரான்சின் மார்செய் துறைமுகம்வரை போய்வந்து ஓய்வு பெற்ற சொல்தா. ஊரில் பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கும் பழைய சிப்பாய்களை அப்படித்தான் அழைப்போம். அந்தத் தெருவில் சாவி கொடுக்கும் கிராமபோன் வைத்திருந்தவர் அவர் ஒருவரே. அதன் கழுத்தில் ஊசியைப் பிடித்திருந்த சவுண்டு பாக்ஸ் ஒரு பூட்டின் கனம் இருக்கும்.

“மர ஊசியாம்” என்றார் சொல்தா. “கம்பெனிக்காரன் மர ஊசி விக்கறதுக்கு எழுதியிருக்கான். நான் மார்செய்ல பாக்காத பிளேட்டா?”

“இது வேற மாதிரி பிளேட்டு மாமா. மெத்துனு இருக்கு, தொட்டுப் பாருங்க.”

“பேப்பர்காரனுக்குப் பொறந்த கொழந்த மேலயும் சந்தேகம்தான்” என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். கூட்டம் சிரித்தது.

ஒரு சமாதானத்துக்கு வந்தோம். கருவேல முள்ளை நறுக்கி ஊசிக்குப் பதிலாகச் செருகினோம். குரல் வந்தது, ஆனால் சன்னமாக. பின்னால் நின்ற பெண்கள் கேட்கவில்லை என்றார்கள். சொல்தா முள்ளை எடுத்து எறிந்துவிட்டு எஃகு ஊசியைப் போட்டார்.

அத்தான் பேசியது ஒரு நிமிடம் இருக்கும். “அம்மா, நான்தான் பேசறேன், கேக்குதா? நல்லாத்தான் இருக்கேன். இங்க ஒரே மழை. அண்ணன் பீடிய நிறுத்துச்சா? கெணத்து ராட்டினம் கத்துமே, அதுக்கு எண்ணெ போடச் சொல்லு.” பிறகு ஒரு சின்ன இடைவெளி. கூண்டுக்காரன் ஜாடை காட்டியிருக்க வேண்டும். அடுத்த வார்த்தைகள் அவசரமாக வந்தன. “அவளும் அங்கதான் இருப்பா. வெய்யில்ல நிக்க வேணாம்னு சொல்லு.” அவ்வளவுதான்.

அக்காவுக்கு என்று அந்தத் தட்டில் இருந்தது அந்த ஒரு வாக்கியம்தான். அதுவும் அவளிடம் நேராகச் சொன்னது அல்ல, அம்மா வழியாகச் சொல்லி அனுப்பியது. பெரியவர்கள் நிற்கும் கூடத்தில் தன் குரல் ஒலிக்கும் என்று அவருக்குத் தெரியும். பெண்டாட்டி பெயரை அங்கே சொல்ல மாட்டார்.

அன்று தட்டைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். பால்காரர் வந்தார், அவருக்கு ஒரு தடவை. எதிர் வீட்டு மாப்பிள்ளைக்கு ஒரு தடவை. கடைசித் தடவையில் ‘வெய்யில்’ என்ற சொல்லுக்கு அடியில் மணல் உரசுவது போன்ற ஓசை சேர்ந்துவிட்டது. எஃகு ஊசியின் நுனியைப் பார்த்தேன். கறுப்பாக ஒரு சுருள் நூல் ஒட்டியிருந்தது. தட்டின் பூச்சுதான் அப்படிச் சீவிக்கொண்டு வந்திருந்தது.

அடுத்த வருடம் அத்தான் சைகோனில் காய்ச்சலில் இறந்தார். தந்தி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அங்கேயே எரித்துவிட்டார்கள். சாம்பல் வரவில்லை. கல்யாணமான பிறகு இரண்டு விடுப்புகளில்தான் அவர்கள் சேர்ந்து வாழ்ந்தார்கள், குழந்தை இல்லை. கருமாதி முடிந்ததும் அக்கா ஒரு பெட்டியோடு என் வீட்டுக்கு வந்தாள். பெட்டியில் புடவைகளுக்கு நடுவே அந்தத் தட்டு.

தட்டை எடுத்து வந்ததில் புகுந்த வீட்டாருக்கு மனத்தாங்கல். ‘எங்க புள்ள கொரலு’ என்று சொல்தா இரண்டு பேர் மூலம் சொல்லி அனுப்பினார். வருடப் படையலுக்குத் தட்டைக் கொண்டுவருவதாக அக்கா வாக்குக் கொடுத்தாள். அதோடு பேச்சு நின்றது.

அவள் அதைப் போட்டுக் கேட்கவில்லை. என்னிடம் கருவி இல்லை, வேறு யார் கருவியிலும் போட விடமாட்டாள். ஒரு நாள் அரிசி புடைத்துக்கொண்டே சொன்னாள்: “மொகம் படத்துல இருக்கு தம்பி. கொரலுதான் மறந்து போவுது. கனாவுல வர்றாரு. ஆனா உன் கொரல்ல பேசறாரு.”

அன்று முதல் ஒரு நல்ல சுழல்தட்டும் இலேசான கையும் தேடத் தொடங்கினேன்.

கருவியைப் பற்றி எனக்குத் தெரிந்தது செய்தி சேகரிப்பது போல நாலு பேரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது. பார்க்க வேண்டியவை இரண்டு. தட்டைச் சுற்றும் பாகம் ஒரே வேகத்தில், அதிராமல் சுற்ற வேண்டும். ஊசியைத் தாங்கும் கை, தட்டின் மேல் எவ்வளவு குறைவாக முடியுமோ அவ்வளவு குறைவாக அழுந்த வேண்டும். சுற்று தடுமாறினால் அன்றைக்குக் கேட்பது கெடும். அடுத்த நாள் சரிசெய்துகொள்ளலாம். கை கனத்தால் தட்டே போய்விடும். அழுத்தத்தை அளக்க என் மேசையிலிருந்த தபால் தராசை எடுத்துக்கொண்டேன். கடிதத்தை வைக்கும் இடத்தில் ஊசியை இறக்கினால் முள் காட்டிவிடும்.

பிரெஞ்சுக்காரர்கள் இருந்தவரை வெளிநாட்டுச் சாமான் வாங்கச் சென்னைக்காரர்கள் எங்கள் ஊருக்கு வந்தார்கள். 1954க்குப் பிறகு கோரிமேட்டு எல்லையில் சோதனை போட ஆள் இல்லை. சோதனை போட்டுப் பிடிக்கச் சாமானும் இல்லை. இப்போது நான் சென்னைக்கு பஸ் ஏறினேன்.

மவுண்ட் ரோட்டில் முதல் கடைக்காரர் தானியங்கி ஒன்றைக் காட்டினார். “நீங்க தொடவே வேணாம் சார். எட்டு பிளேட்ட அடுக்கிட்டு உக்காந்துடலாம். தானா விழும், தானா பாடும், தானா நிக்கும்.”

“என்கிட்ட ஒரே பிளேட்டுதான் இருக்கு.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் பையிலிருந்து தராசை எடுத்தேன்.

“என்னா சார் இது, நகையா எடுக்க வந்தீங்க?”

ஊசியை இறக்கினேன். முள் சர்ரென்று கீழே போனது. சொல்தாவின் கிராமபோனோடு பார்த்தால் இது எவ்வளவோ மேல். ஆனால் இந்தக் கை பாட்டு முடிகிற இடத்தில் ஒரு நெம்புகோலைத் தள்ளித்தான் தன்னை நிறுத்திக்கொள்ளும். அந்தத் தள்ளுக்கான பலம் வேறெங்கிருந்தும் வராது. தட்டில் ஊசி ஓடும் பள்ளத்தின் சுவர்தான் கொடுக்க வேண்டும். கடினமான தட்டு தாங்கும். எங்களுடையது தாங்காது. அடுத்து ரேடியோவும் கிராமபோனும் சேர்ந்த ஒரு தேக்குப் பெட்டியைக் காட்டினார். வார்னிஷில் என் முகம் தெரிந்தது. “ஹால்ல வெச்சா வர்றவங்க அசந்துடுவாங்க சார்” என்றார். எனக்கு யாரும் அசர வேண்டியதில்லை என்றேன். அவர் அடுத்த வாடிக்கையாளரிடம் போய்விட்டார்.

இன்னொரு கடையில் மோட்டாரும் சுழல்தட்டும் தனி, கை தனி. அந்தக் கடைக்காரர் யோக்கியர். கையில் இருக்கும் பணத்துக்கு இரண்டும் உயர்ந்ததாக வராது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். “மோட்டார நல்லதா எடுத்துக்கங்க. கை சுமாரா இருக்கட்டும், அப்புறம் மாத்திக்கலாம்.” சங்கீதம் கேட்பவனுக்கு அது சரியான யோசனை. எனக்குத் தலைகீழாக வேண்டியிருந்தது: சுமாரான மோட்டார், மிக நல்ல கை. ஆனால் அவரிடம் இருந்த இலேசான கைகள் எல்லாம் எல்.பி. என்னும் புதிய நீளப்பாட்டுத் தட்டுகளுக்கானவை. அவற்றின் ஊசி மெல்லியது. எங்கள் தட்டின் அகலமான பள்ளத்தில் அடிமட்டம் வரை இறங்கி அங்கே உழும். அகல ஊசி பொருத்திய கை எப்போது வரும் என்று கேட்டேன். “அடுத்த இம்போர்ட் பெர்மிட் வந்தா வரும். பெர்மிட் எப்ப வரும்னு நீங்கதான் பேப்பர்ல போடணும்” என்றார். வெறும் கையோடு திரும்பினேன்.

விஷயம் ஊருக்குள்ளேயே முடிந்தது. வாய்க்காலுக்குக் கிழக்கே, வெள்ளைக்காரர் தெருக்களில், ஒரு பிரெஞ்சுப் பேராசிரியரும் மனைவியும் ஊரைவிட்டுப் போக இருந்தார்கள். அந்த வருடங்களில் அப்படி யாராவது போய்க்கொண்டே இருந்தார்கள். கதவில் ஒரு காகிதம் ஒட்டுவார்கள். கட்டில், அலமாரி, சமையல் பாத்திரம் எல்லாம் விற்பனைக்கு வரும். நான் செய்திக்காக ஒருமுறை போன வீடு அது. கூடத்தில் இரண்டு கருவிகள் இருந்தன. ஒன்று தானியங்கி, பேராசிரியரின் மனைவி மதாமுடையது. மற்றது அவருடையது: வார்ப்பிரும்பில் கடைந்த கனத்த சுழல்தட்டு, கையால் ஒரு தள்ளு தள்ளிவிட்டால் நெடுநேரம் சுற்றிக்கொண்டிருந்தது. கையின் வால்பக்கம் திருகும் ஒரு எடை. அதைத் திருகினால் ஊசி முனை மிதக்கும் அளவுக்குக்கூட இலேசாகும். மெல்லிய ஊசியும் அகல ஊசியும் ஒரே தலையில். சிறு பிடியைத் திருப்பினால் மாறும். தராசில் வைத்தேன். முள் அசைந்ததா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது.

பேராசிரியர் சிரிக்கவில்லை. தராசைக் கடனாகக் கேட்டு, தானும் ஒருமுறை அளந்து பார்த்துக்கொண்டார். பழையது என்பதால் விலை எங்கள் கைக்குள் அடங்கியது. ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார். கப்பல் ஏறும் வாரம்வரை அவருக்கு அது வேண்டும். பாட்டுக் கேட்காமல் இந்த வெயிலில் பரீட்சைத் தாள் திருத்த முடியாது என்றார். மதாமின் தானியங்கியை அன்றைக்கே எடுத்துப் போகலாம், விலையும் குறைவு.

முடிவு அக்காவுடையது. அவளை அழைத்துப் போனேன். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு இரண்டு கருவிகளின் முன்னும் நின்றாள். பேராசிரியர் இரண்டிலும் ஒரே தட்டைப் போட்டுக் காட்டினார். அவள் பாட்டைக் கேட்கவில்லை. ஊசி இறங்கும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எது தேய்க்காது?” என்று என்னைக் கேட்டாள்.

“தேய்க்காததுன்னு ஒண்ணும் இல்லக்கா. பெரிசு ரொம்பக் கொறச்சலாத் தேய்க்கும்.”

“அப்ப பெரிசுதான்.”

“அதுக்கு மூணு மாசம் ஆவும். நடுவுல படையல் வருது.”

“ஆவட்டும். ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா வந்தவருக்கு வாக்கப்பட்டவ நான். எனக்கா காத்திருக்கத் தெரியாது?”

மதாம் அவள் என்ன சொன்னாள் என்று கேட்டார். காத்திருக்கச் சம்மதம் என்று மட்டும் மொழிபெயர்த்தேன்.

அவள் செய்த தேர்வு சரி. இன்றைக்கு யார் கேட்டாலும் அதையே சொல்வேன். கருவி விஷயத்தில் எங்கள் இருவருக்கும் ஒரு பிழையும் நேரவில்லை.

1958இல் வருடப் படையல் வந்தது. முத்தியால்பேட்டை வீட்டில் கூடத்துச் சுவரோரம் அத்தானின் படம், அதன் முன் இலை, வேட்டி, அவருக்குப் பிடித்த மீன் குழம்பு. அக்கா தட்டை உறையோடு கொண்டுவந்து மாமியாரிடம் கொடுத்தாள். படத்துக்குப் பக்கத்தில் வைக்க மட்டும் என்று பேச்சு. கொடுத்துவிட்டு உள்ளே போய் அடுக்களை வாசலில் நின்றுகொண்டாள். கைம்பெண் என்பதால் கூடத்துக்கு வர அவளுக்கு அன்று இடமில்லை.

நான் ஒரு கூட்டத்துச் செய்தியை அனுப்பிவிட்டுக் கொஞ்சம் தாமதமாகப் போனேன். தட்டு உறையில் இல்லை. இலைக்கு நடுவே சாய்த்து நிறுத்தப்பட்டிருந்தது. சுற்றிக் கதம்பச் சரம். கறுப்புப் பரப்பில் மேலும் கீழும் பக்கவாட்டிலும் குழைத்த சந்தனப் பொட்டு, ஒவ்வொன்றின் நடுவிலும் குங்குமம். படத்துக்கு வைப்பது போல. ஆயுத பூசையில் மண்வெட்டிக்கும் அரிவாளுக்கும் வைப்பது போல. சந்தனத்தின் ஈரம் பூச்சின் மேல் வழிந்து, கோடுகளுக்குள் இறங்கிக் காய ஆரம்பித்திருந்தது.

“அத்தை, அதுல ஈரம் படக் கூடாது” என்றேன்.

மாமியார்க் கிழவி திரும்பினாள். கோபம் இல்லை, நிஜமாகவே கேட்டாள். “எம் புள்ள சாம்பலக்கூட எங் கண்ணுல காட்டலயே. இப்ப இதுதானே அவன். இவனுக்கு ஒரு பொட்டு வெக்கக் கூடாதா?”

நான் உறையைத் தேடி எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

கற்பூரம் காட்டி முடிந்ததும் சொல்தா கிராமபோனைத் தூக்கி வந்தார். அக்கா அடுக்களை வாசலில் இருந்தபடி, “மாமா, இப்ப வேணாம் மாமா. நல்ல மிஷினு வருது. வந்ததும் எல்லாரும் வந்து கேளுங்க” என்றாள். அந்தக் கூடத்தில் அவள் குரலை அவ்வளவு சத்தமாக நான் முன்பு கேட்டதில்லை.

“அது வர்றப்ப வரட்டும். நாளு இன்னிக்குத்தானே?” என்றார் சொல்தா. “வருஷத்துக்கு ஒரு நாளு. அவன் பேசாம எப்பிடிப் படையலு முடியும்?”

உறவினர் ஒருவர், “அதானே” என்றார்.

கிழவி பொட்டுகளை ஈரத் துணியால் துடைத்துக் கொடுத்தாள். மேலே இருந்தது போயிற்று. கோடுகளுக்குள் இருந்தது இருந்தது. எஃகு ஊசி முதல் சுற்றிலேயே வழுக்கிக் குறுக்கே ஓடியது. சொல்தா அதைத் தூக்கி மறுபடி வைத்து, இந்தத் தடவை வழுக்காமலிருக்கச் சவுண்டு பாக்ஸைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். நெற்றியில் விபூதி இடுகிறவரின் கவனத்தோடு பிடித்துக்கொண்டார். அவர் கண்ணில் நீர் நின்றது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

அரைக்கும் ஓசைதான் வந்தது. நடுவே ஓர் இடத்தில் இரண்டு துடிப்பு.

“பாரு, பாரு, அம்மாங்கறான்” என்றாள் கிழவி. பிறகு விசும்பிக்கொண்டே கேட்டாள், கேட்டாள், இரண்டாம் தடவையும் போடச் சொன்னாள். அவள் கேட்டிருக்கலாம். பெற்றவள்.

கேட்டு முடிந்ததும் சாப்பிட்டோம். அக்கா பரிமாறினாள். வீட்டுக்குத் திரும்பும் வழியில் தட்டு யாரிடம் இருக்கிறது என்று கேட்டேன். முந்தானைக்குள் இருந்தது.

பேராசிரியர் சொன்ன வாரத்தில் கருவியைத் தந்துவிட்டார். வண்டியில் வைக்கோல் பரப்பி எடுத்து வந்தேன். மேசையின் கால்களுக்குக் காகிதம் மடித்துக் கொடுத்து மட்டம் பார்த்தேன். பெட்டியில் அவர் வைத்திருந்த கோடு போட்ட அட்டையைச் சுழல்தட்டின் மேல் வைத்து, மின்விளக்கின் அடியில் சுற்றவிட்டேன். கோடுகள் நகராமல் நின்றால் வேகம் சரி என்று அர்த்தம். அவை நின்றன. கையின் எடையைத் திருகித் திருகி, ஊசி தாவாமல் ஓடும் மிகக் குறைந்த அழுத்தத்தில் நிறுத்தினேன். அகல ஊசிக்குத் திருப்பினேன். மெல்லிய தூரிகையால் தட்டைத் துடைத்தேன். தூரிகையில் மஞ்சளாகக் கொஞ்சம் தூள் வந்தது.

அக்கா கருவியோடு வந்த ஒலிபெருக்கிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். அன்று நல்ல புடவை கட்டியிருந்தாள்.

நல்ல கருவியின் குணம், இருப்பதை இருக்கிறபடி தருவது. சந்தனம் காய்ந்த ஒவ்வோர் இடமும் தனித்தனியாகப் பொரிந்தது. ஊசி குறுக்கே ஓடிய கீறல் சுற்றுக்கு ஒருமுறை தவறாமல் தட்டியது. சொல்தாவின் கட்டைவிரல் அழுத்திய இடத்தில் இரைச்சல் ஆழமாயிற்று. முத்தியால்பேட்டை கிராமபோனில் எல்லாம் ஒரே அரைப்பாகக் கலந்து கேட்டது; இங்கே எது எதனால் வந்தது என்று பிரித்துச் சொல்லிவிடலாம். குரலைக் காணோம். ராட்டினம் இருக்க வேண்டிய இடத்தில் பொரிதல். இடைவெளி இருக்க வேண்டிய இடத்திலும் பொரிதல். அவளுடைய வாக்கியம் வர வேண்டிய இடத்தை நான் மனத்துக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். அது கடந்து போயிற்று.

கடைசியில், சொல்தா எப்போதும் ஊசியைத் தூக்கிவிடும் இடத்துக்கும் அப்பால், தேயாத சில சுற்றுகள் இருந்தன. அங்கே ஓர் ஆண்குரல் பிரெஞ்சில் பளிச்சென்று கேட்டது. அக்கா நிமிர்ந்தாள்.

“இது அவரில்ல” என்றாள்.

“இல்லக்கா. கூண்டுக்காரன்.”

“என்னா சொல்றான்?”

“நேரம் ஆச்சுங்கறான். அடுத்த ஆள வரச் சொல்றான்.”

அவள் எழுந்து போய் உலை வைத்தாள்.

அடுத்த படையலுக்குச் சில நாள் முன்பு சொல்தா எங்கள் வீட்டுக்கு வந்தார். புது வேட்டி, கையில் வாழைத்தார். கருவியைச் சுற்றிவந்து பார்த்தார். கனத்த தட்டை விரலால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, அது நிற்காமல் சுற்றுவதைக் கண்டு தலையாட்டினார். “பேஷான மிஷினு. பாரீஸ்ல இருக்கும் இது மாதிரி. எங்க, தம்பி பேசறதப் போடு, கேப்போம்.”

நான் வாய் திறந்தேன். அக்கா முந்திக்கொண்டாள்.

“இதுல அவரு கொரல் வர்றதில்ல மாமா. உங்க மிஷினுலதான் வரும்.”

சொல்தா என்னைப் பார்த்தார். மார்செய்யைப் பார்த்தவரின் முகத்தில் மெல்ல ஒரு மலர்ச்சி வந்தது. “அப்பவே சொன்னனா இல்லியா? எடை வேணும்யா. அழுத்துனாத்தான் பேசும்” என்று என் தோளில் தட்டினார்.

அக்கா பெட்டியைத் திறந்து தட்டை உறையோடு எடுத்து வந்து கொடுத்தாள். “அத்தைகிட்டயே இருக்கட்டும் மாமா. அவங்களுக்குக் கேக்குது.”

அவர் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தெருமுனை திரும்பும்வரை அதை மார்போடு அணைத்தபடிதான் போனார். அக்கா வாழைத்தாரை உள்ளே எடுத்துப் போய், எது முதலில் பழுக்கும் என்று சீப்புச் சீப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.